சின்னம்மாவின் வீடும் வைப்பும்: ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் ஏழு ஆண்டுகள்

2018 செப்டெம்பரில், மட்டக்களப்பு நகரில் ஒரு நொத்தாரிசின் முன்னிலையில் என் அம்மம்மா ஒப்பமிட்ட நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) உறுதி, அதாவது ஒருவரின் பயனுக்காகச் சொத்தை வேறு சிலரிடம் ஒப்படைத்து வைக்கும் உறுதி ஒன்றும், அதன்பின் இன்றுவரை அது நடத்தப்பட்ட விதமுமே இந்த ஆய்வின் பொருள். அந்த உறுதியின் பயனாளி என் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா. அவர் 1977இல் டவுண் சின்ட்ரோமுடன் பிறந்தவர். உறுதியில் பெயரிடப்பட்ட இரண்டு நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் ஒருவர் என் அம்மா, மற்றவள் நான். எங்களைப் போல விசேட தேவையுடைய ஓர் உறவினருக்காகச் சொத்தைப் பாதுகாத்து வைக்க நினைக்கும் குடும்பங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நிறைய இருக்கின்றன. அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் உறுதியை எப்படி எழுதுவது என்பதாகவே இருக்கிறது. உறுதி எங்கள் வீட்டில் ஒரே நாளில் எழுதி முடிந்தது. அதை நடத்துவதில்தான் நாங்கள் தவறினோம், அந்தத் தவறுகளில் பெரியது என்னுடையது. எனவே எழுதிய கதையைச் சுருக்கிவிட்டு, நடத்திய கதையையே விரித்துச் சொல்கிறேன்.

வீடு யாருடையது

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகள் கலியாணம் முடிக்கும்போது வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், குடி என்ற குலப்பிரிவும் தாய்வழியாகவே எண்ணப்படும். முன்னாளில் இங்கே வழங்கிய முக்குவர் சட்டத்தை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அகற்றிவிட்டது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அம்மம்மா தன் மூத்த மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு, தான் குடியிருந்த வீட்டை இளைய மகளுக்கென்று வைத்திருந்தார். சின்னம்மாவுக்குக் கலியாணம் நடக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அம்மம்மாவின் வாயில் அந்த வீட்டுக்கு ஒரே பெயர்தான்: "அவள்ட வீடு."

அவள்ட வீட்டை அவளுக்கென்றே எப்படி நிலைநிறுத்துவது என்பதுதான் சிக்கல். ஒன்றுமே எழுதாமல் அம்மம்மா காலமாகியிருந்தால், அப்பா போல எங்களை வளர்த்த அம்மப்பா 2011இலேயே இறந்துவிட்டபடியால், சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியாத பங்குகளாகப் போயிருக்கும். சின்னம்மாவின் மூன்றிலொன்றை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பிரித்தெடுக்கவோ அவர் சார்பில் ஒப்பமிட யாருக்கும் அதிகாரம் இருந்திராது. நேரடியாக அவர் பெயருக்கே நன்கொடை உறுதி எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் நன்கொடை செல்லுபடியாக வேண்டுமானால் பெறுபவர் அதை விளங்கி ஏற்க வேண்டும். அந்த ஏற்பைப் பின்னொரு நாள் யாராவது கேள்விக்குட்படுத்தலாம். ஏற்பு நிலைத்தாலும், அதன்பின் ஒவ்வொரு காரியத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்கச் செய்து, சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கும். 'சித்த சுவாதீனமற்றவர்' என்பது 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் சொல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. சட்டத்தின் முன் அவர்களும் சமமான ஆள் என்று அது சொல்கிறது. வீட்டு முற்றத்தில் நின்று தெருவால் போகிற ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் பழைய சொல்லை நீதிமன்றப் பதிவில் சூட்ட அம்மம்மா சம்மதிக்கவில்லை, நானும் அதைச் சரியென்றே நினைக்கிறேன்.

ஊரில் பெரும்பாலானோர் செய்வது மூன்றாவது வழி. மூத்த மகள் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதி, "தங்கச்சியப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிடுவது. இதைப் போல ஆபத்தானது வேறில்லை. பெருநன்றிகேட்டின் பேரில் மீளப்பெற முடியாத நன்கொடையையும் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழி நன்கொடை கொடுத்தவருக்கு உரியது. கொடுத்தவர் கண்ணை மூடியபின், பராமரிக்கப்படாத தங்கை எந்த உறுதியைக் காட்டி எந்த உரிமையைக் கேட்பார்? மேலும் அக்கா இறந்தால் வீடு அக்காவின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும், அக்கா கடன்பட்டால் கடன்காரர் கை வைப்பார். அம்மா நல்லவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அம்மாவின் சொத்தாகிவிட்டால் அதற்கு அம்மாவின் விதியே வரும் என்பதே பிரச்சினை. தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதிவைத்தால் போதுமே என்று சொன்னவர்களும் உண்டு. எழுதிக் கொடுத்தவர் இறந்த கணத்தில் அந்தத் தத்துவமும் இறந்துவிடும்.

ஆகவே 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் உறுதி எழுதப்பட்டது. அசையாச் சொத்தின் மீது நம்பிக்கைப் பொறுப்பு ஏற்படுத்த நொத்தாரிசு எழுத்து அல்லது மரணசாசனம் கட்டாயம். சொத்தின் உரித்து பொறுப்பாளர்கள் பெயருக்கு வரும், அதன் பயன் முழுவதும் பயனாளிக்குப் போகும். பொறுப்பாளர் அச்சொத்தைத் தன் சொத்தோடு கலக்கக்கூடாது, அதிலிருந்து இலாபம் பார்க்கக்கூடாது, உறுதியில் சொல்லப்படாவிட்டால் தன் உழைப்புக்குக் கூலியும் எடுக்கக்கூடாது, தெளிவான கணக்கு வைத்துக் கேட்கும்போது காட்ட வேண்டும். பொறுப்பாளர் ஒருவருக்கு மேற்பட்டிருந்தால், உறுதி வேறுவிதமாகச் சொன்னாலன்றி, எல்லோரும் சேர்ந்தே செயற்பட வேண்டும்.

நம்பிக்கைச் சொத்தில் வைக்கப்பட்டவை: வீடும் 30 பேர்ச் வளவும், படுவான்கரையில் 4 ஏக்கர் உறுதி வயல், 32 லட்சம் ரூபா நிலையான வைப்பு. வீட்டின் மூல உறுதி 2004 டிசம்பர் 26இல் கடலோடு போய்விட்டதால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தே வேலையைத் தொடங்கினோம். இன்றைக்கு எல்லா உறுதிகளின் பிரதிகளும் கடலுக்கு எட்டாத இரண்டு வீடுகளில் இருக்கின்றன.

இன்னொரு 3 ஏக்கரும் இருந்தது. அது பேர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியை நாம் நினைத்தபடி நம்பிக்கைப் பொறுப்பில் வைக்க இயலாது, பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்துப் பதியலாம், அவ்வளவே. அம்மாவை நியமித்தார்கள். அந்த வயலின் வருமானத்தில் சின்னம்மாவுக்கு இருப்பது அம்மாவின் வாய்ச்சொல் மட்டுமே. இந்த மாவட்டத்திலும் அம்பாறையிலும் குடியேற்றக் காணி வைத்திருக்கும் குடும்பங்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் காணியும் ஒரே காணி என்று எண்ணி உறுதி எழுதப் போனால் பாதி வழியில் திரும்ப வேண்டிவரும்.

கை எழுத்து வராத ஏழு மாதம்

அம்மம்மா 2019 பெப்ரவரியில் காலமானார். அதோடு இரண்டு காரியங்கள் தொடங்கின. அம்மப்பா அரசாங்க ஆசிரியர். அம்மம்மா பெற்றுவந்த விதவை ஓய்வூதியம் நின்றபின், உழைக்க இயலாத பிள்ளை என்ற வகையில் சின்னம்மாவுக்கு அநாதைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். பிறப்புச் சான்றிதழ், அம்மப்பாவின் சேவைக் கோவை, வைத்தியச் சபையின் அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் இயலாமையைப் பதிந்து ஆவணமாக்கி வைத்திருந்தால் பாதிக் காலம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, வைப்பு. நாங்கள் போன வங்கிக் கிளையில் நம்பிக்கைப் பொறுப்பின் பெயரில் கணக்குத் திறப்பது எப்படி என்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. "அம்மாட பேரில போடுங்க, பிறகு பாப்பம்" என்றார். போட்டோம். பிறகு பார்க்கவில்லை. 32 லட்சமும் அம்மாவின் தனிப்பட்ட பெயரில், அவருடைய சொந்த வைப்போடு பக்கத்துப் பக்கமாகக் கிடந்தது. சொத்தைக் கலக்கக்கூடாது என்ற முதல் விதியை முதல் மாதத்திலேயே மீறிவிட்டோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2020 நவம்பரில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. புத்தி தெளிவாக இருந்தது, வலது கை போய்விட்டது, பேச்சு குழறியது. வைப்பு முதிர்ந்தபோது வங்கி அவருடைய ஒப்பத்தைக் கேட்டது. வயல் குத்தகை விடயத்துக்கும் இருவரின் சம்மதம் வேண்டும். உறுதியில், பொறுப்பாளர் இறந்தால் எஞ்சியவர் தொடர்ந்து நடத்தலாம் என்றும் புதியவரை நியமிக்கலாம் என்றும் இருந்தது. இறக்காமல் இயலாமற் போனால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. அம்மா அந்தக் கிழமைகளில் இறந்திருந்தால், சின்னம்மாவின் 32 லட்சம் அம்மாவின் மரணச் சொத்தாக எண்ணப்பட்டு, அது அவருடையதல்ல என்று நாங்களே நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிவந்திருக்கும். கொரோனாப் பயணத்தடைகளுக்கு நடுவே ஏழு மாதம் போனது. கடைசியில் ஒரு சட்டத்தரணி நொத்தாரிசாக வீட்டுக்கே வந்து, கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவிடம் வாசகத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டி, பொறுப்பிலிருந்து விலகும் உறுதியில் அவருடைய இடது பெருவிரலை வைப்பித்தார். சின்னம்மா பக்கத்தில் நின்று, மை பட்ட அந்த விரலைத் தன் சட்டை விளிம்பால் துடைத்துவிட்டார்.

2021 ஜூனில் வைப்பை நம்பிக்கைப் பொறுப்பின் பெயருக்கு மாற்றினேன். வட்டி சேர்ந்து 40 லட்சத்தை நெருங்கியிருந்தது. இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரையே ஈடுசெய்யும் என்பதால், அதை நான்கு இடங்களில் சமமாகப் பிரித்தேன். கணக்குக் கொப்பி ஒன்று தொடங்கினேன். அந்த நாளில் நான் மிகவும் கவனமான பொறுப்பாளர் என்று என்னை நினைத்துக்கொண்டேன்.

வயலைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் அம்மம்மா காலத்து மனிதர், எழுத்தில்லாமல் போகத்துக்கு இத்தனை மூடை என்ற வாய்ப்பேச்சில் செய்துவந்தவர். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. அந்தப் போகம் கதிர் வெளிறி, பாதிக்குப் பாதி பதர். அவர் குத்தகையில் பாதியைத்தான் தர இயலும் என்றார். என் சொந்த வயலென்றால் ஒரு சொல்லும் பேசாமல் விட்டிருப்பேன். இது இன்னொருவருடைய சோறு, விட்டுக்கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுக்கொடுத்தேன். நேர்மையான குத்தகைக்காரர் நம்பிக்கைச் சொத்தின் ஒரு பகுதி, அவரைக் கடனில் தள்ளினால் அடுத்த போகம் வயல் தரிசாகும் என்று காரணத்தைக் கொப்பியில் எழுதித் திகதியிட்டேன். அப்போதுதான் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டையும் பார்த்தேன். குத்தகைக் கமக்காரர் என்று ஒருவர் பதிவானால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அவருக்கு வலுவான பாதுகாப்பைக் கொடுக்கிறது, வயலை விற்றுச் சின்னம்மாவின் வைத்தியத்துக்குச் செலவிட வேண்டிவந்தால் அது பெரிய தடையாகலாம். அவரோடு மனம்விட்டுப் பேசி, சட்டத்தரணியிடம் காட்டி, எங்கள் இருவருடைய நிலையையும் எழுத்தில் கொண்டுவந்தோம்.

மூக்குக் கண்ணாடியும் நூலும்

2021 ஜூனிலிருந்து 2023 ஒக்டோபர் வரை நான் ஒற்றைப் பொறுப்பாளர். இந்த ஆய்வின் மையம் இரண்டேகால் வருடத்துக்குச் சற்று மேற்பட்ட இந்தக் காலம்தான்.

மாதச் செலவுக்கு ஓய்வூதியமும் குத்தகைப் பணமும் ரொறன்ரோவிலிருக்கும் மாமா அனுப்பும் காசும் போதும் என்று வகுத்துக்கொண்டேன். வைப்பைத் தொடுவதில்லை என்பது என் கொள்கை. வட்டியை முதலோடு சேர்த்தேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. யூலையில், மொத்தம் 40 லட்சமாகியிருந்த நான்கு வைப்புகளையும் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் புதுப்பித்தேன். 2023 யூலையில் வரி 5 சதவீதம் கழிந்து 7 லட்சத்து 60 ஆயிரம் வட்டி வந்து, வைப்பு 47 லட்சத்து 60 ஆயிரமாக நின்றது. அந்த ஒரு வருடத்தில் சின்னம்மாவுக்காக வைப்பிலிருந்து எடுக்கப்பட்ட தொகை: இல்லை.

அதே வருடத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காது முறிந்தது. கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிக்கொடுத்தேன். நூல் அவிழும்போதெல்லாம் அவர் அதைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு என்னிடம் வருவார், நான் மறுபடி கட்டுவேன். அப்படி எத்தனை முறை கட்டினேன் என்று எண்ணவில்லை. புதுக் கண்ணாடி வாங்குவது அவசரமான செலவாக எனக்குத் தோன்றவில்லை. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயிற் சடங்கு. சடங்கின் நிறைவான குளிர்த்தி அன்றைக்குப் புதுச் சட்டை உடுத்துவது சின்னம்மாவின் வருடத்தில் பெரிய நாள். அம்மம்மா விட்டுப்போன கொப்பியில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: "குளிர்த்திக்கு ஒரு மாதத்துக்கு முன்னம் துணி எடுக்க வேணும். நிறம் அவள்தான் சொல்ல வேணும்." 2022இல் நெருக்கடியைச் சொல்லி, இருந்த சட்டை ஒன்றைத் துவைத்து உடுத்துவித்தேன். அவர் கோயிலுக்கு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொம்புச் சந்தியில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் என் பின்னால் ஒதுங்கி நின்றார்.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் மந்தமாகத் தொடங்கினார். காலையில் எழும்புவதில்லை, உடம்பு ஊதியது, தோல் வரண்டது, முறை சொல்லிக் கூப்பிடுபவர் பெயர்களை விட்டுவிட்டார். டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்குப் பிறகு அல்சைமர் நோய் மற்றவர்களைவிட மிக முன்னதாகவே வரக்கூடும் என்று வாசித்திருந்தேன். அதுதான் என்று நானே முடிவுசெய்து, இனி வரப்போகும் நீண்ட செலவுக்கு இன்னும் சேமிக்க வேண்டும் என்று மேலும் கையை இறுக்கினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு, வேறு காரியத்துக்காகப் போன இடத்தில் ஒரு வைத்தியர் அவரைப் பார்த்தவுடன் தைரொயிட் இரத்தப் பரிசோதனை எழுதினார். தைரொயிட் சுரப்பி மந்தமாதல் டவுண் சின்ட்ரோமில் அடிக்கடி நேர்வது, ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டியது, மாத்திரையால் சரிசெய்யக்கூடியது. அம்மம்மா இருந்தவரை வருடந்தோறும் அழைத்துப் போயிருக்கிறார். அதன்பின் நான்கு வருடம் யாருமே அழைத்துப் போகவில்லை. மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் சின்னம்மா முற்றத்துக்கு இறங்கி, கடலைக்காரரை "தம்பி" என்று கூப்பிட்டார். ஐந்து மாதத்தை அவரிடமிருந்து எடுத்தது நோய் மட்டுமல்ல, என் சிக்கனமும் கூட.

சேமித்ததாக நான் நினைத்ததும் சேமிப்பல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. அதாவது அதற்கு முந்திய ஒரே வருடத்தில் நூறு ரூபாச் சாமான் ஏறக்குறைய நூற்றெழுபதாகியிருந்தது, பின்னால் வந்த 20 சதவீத வட்டி அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. 2023இன் 47 லட்சம் 2018இன் 32 லட்சத்துக்கு ஈடாகவில்லை. அந்தக் காசை அதற்கு முன்னரே கண்ணாடியாகவும் பரிசோதனையாகவும் பகலில் ஒருவர் துணையாகவும் மாற்றியிருந்தால் அது முழுப் பெறுமதியோடு அவரைச் சேர்ந்திருக்கும்.

மாமாவின் கேள்வி

2022 நடுப்பகுதியில் என் தங்கை ஒரு யோசனையோடு வந்தாள். தானும் கணவரும் சின்னம்மாவின் வீட்டில் குடியிருந்து அவரைப் பார்த்துக்கொள்வதாகவும், வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டாள். உறுதி அதற்கு இடம்கொடாது என்றேன். "கடைசியில எங்களுக்குத்தானே அக்கா வரப்போகுது" என்றாள். கோபமில்லாமல், கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2023 ஓகஸ்டில் மாமா வந்தார். கொப்பியை முற்றத்து வாங்கில் வைத்து இரண்டு மணித்தியாலம் பார்த்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஒரு பிழையுமில்லை என்று சொல்லிவிட்டு, உறுதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். சின்னம்மாவின் காலத்துக்குப் பிறகு எஞ்சும் சொத்து மூத்த மகளின் பிள்ளைகளுக்குச் சேரும் என்று அதில் இருந்தது. அதாவது எனக்கும் தங்கைக்கும். "நீ அவளுக்குச் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாவும் எங்க போகுது மகள்?" என்று கேட்டார்.

நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. எடுக்காதவளும் நன்மை அடைகிறாள் என்பது அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. என் சிக்கனம் எனக்குச் சாதகமானது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. என்னைத் தவிர வேறொருவர் கணக்கைப் பார்த்திருந்தால் முதல் மாதத்திலேயே அது தெரிந்திருக்கும். குடும்பங்களில் நம்பிக்கைச் சொத்தைத் திருடுபவர்களும் இருக்கிறார்கள்தான். அவர்களைச் சட்டம் அறியும், ஊரும் அறியும். பாதுகாக்கிறேன் என்று சொல்லிப் பூட்டி வைப்பவரை எல்லோரும் மெச்சுகிறார்கள். என்னையும் மெச்சினார்கள்.

மாமா ரொறன்ரோவில் தன்னோடு வேலைசெய்யும் ஒருவர் மூலம் அறிந்த ஹென்சன் நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றியும் சொன்னார். ஒன்ராறியோவில் லெனார்ட் ஹென்சன் என்ற தந்தை தன் மகளுக்காக விட்டுச்சென்ற பணத்தை எப்போது, எவ்வளவு, எதற்குக் கொடுப்பது என்ற முழுத் தற்றுணிபையும் பொறுப்பாளர்களிடமே விட்டிருந்தார். மகளுக்கு அதைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லாததால் அது அவருடைய சொத்தாகாது, அரசாங்க உதவியை அதன் பேரில் நிறுத்த இயலாது என்று 1989இல் அந்த மாகாணத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. எங்கள் உறுதியிலும் தற்றுணிபு எங்களிடமே இருக்கிறது. இங்கேயும் நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு வீட்டின் வருமானமும் சொத்தும் பார்க்கப்படுகிற காலத்தில் அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் கொடுக்காமலிருக்கும் அதிகாரம் அந்த அளவு முழுமையாக ஒருவர் கையில் இருக்கும்போது, அவரே எஞ்சுவதற்கு உரித்தாளியாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வீடு காட்டிவிட்டது.

திருத்தியவை

அம்மம்மா இறந்துவிட்டதால் உறுதியின் கடைசி வாசகத்தை நாங்கள் மாற்ற இயலாது. மாற்றக்கூடியவற்றை மாற்றினோம். புதிய பொறுப்பாளரை நியமிக்க உறுதியில் இருந்த அதிகாரத்தின்படி, உறவில்லாத ஒருவரை, பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபராக இருக்கும் ஒருவரை, 2023 ஒக்டோபரில் நியமித்தோம். ஊர் முழுக்க அவரை ரீச்சர் என்றே கூப்பிடும். அவருக்கு இந்தச் சொத்தில் ஒரு பிடி மண்ணும் வராது, அதுவே அவருடைய முதற் தகுதி. கூட்டத்துக்கு வருமுன் முதலில் சின்னம்மாவோடு அரைமணி நேரம் இருந்துவிட்டுத்தான் கொப்பியைத் திறப்பார்.

ஆண்டு வட்டியில் இவ்வளவையாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று எழுதிவைக்க நான் விரும்பினேன். பொறுப்பாளர் தன் தற்றுணிபை முன்கூட்டியே கட்டிப்போடக்கூடாது, வழிகாட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சட்டத்தரணி தடுத்தார். அது நியாயம். ஆகவே கொப்பியின் அமைப்பை மாற்றினோம். முன்பு செலவுக்கு மட்டும் காரணம் எழுதினேன். இப்போது ஒரு தேவை கேட்கப்பட்டுச் செலவழிக்காமல் விட்டால் அதற்கும் திகதியிட்டுக் காரணம் எழுத வேண்டும், இருவரும் ஒப்பமிட வேண்டும். இந்த ஒரு நிரலுக்குப் பிறகு மறுப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. "இப்போது தேவையில்லை" என்று எழுதிவிட்டு அதன்கீழ் பெயரைப் போடக் கை கூசுகிறது.

வருடத்தில் ஒருமுறை தைரொயிட், கண், காது, பல் நான்கும் பார்க்கப்படுகின்றன. பகலில் துணையிருக்க அயலில் ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். தங்கை குடும்பம் 2024 தையில் அந்த வீட்டுக்கு வந்தது. வீட்டில் உரித்து எதுவும் கோருவதில்லை என்ற கடிதத்தில் ஒப்பமிட்டு, அனுமதியின் பேரில் குடியிருக்கிறார்கள். இரவில் பார்த்துக்கொள்வதற்குத் தங்கைக்குக் கொடுக்கும் தொகையை ரீச்சரே தீர்மானித்தார், அந்தத் தீர்மானத்தில் நான் வாக்களிக்கவில்லை. தங்கையைப் பற்றி நான் மனதில் வைத்திருந்த சந்தேகம் தவறானது என்பதையும் இங்கே எழுத வேண்டும். அவள் நன்றாகப் பார்க்கிறாள்.

சின்னம்மாவின் கைச்செலவுக் காசுதான் எல்லாவற்றையும்விட ரீச்சர் வற்புறுத்திய விடயம். கிழமைக்கு 500 ரூபா. முதல் கிழமை ஊதா நிற ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றைக் கொடுத்தோம், அதை அவர் திருப்பித் தந்துவிட்டார். அவருக்குத் தோடம்பழ நிறத் தாள்தான் காசு. ஐந்து நூறு ரூபாத் தாள்களைக் கொடுத்தபோது ஒவ்வொன்றாகத் திண்ணையில் விரித்து, விளிம்பை விரலால் நீவி, நான்கை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றோடு கடைக்குப் போனார். எண்ணிக்கை முழுவதாகத் தெரியாத ஒருவருக்கு ஏன் கையில் காசு என்று நான்தான் முன்பு கேட்டவள். கடையில் வாங்குவது இரண்டு மாரி பிஸ்கட் பக்கெற், ஒன்று தனக்கு, ஒன்று அம்மாவுக்கு. பேச்சுக் குழறும் அக்காவின் கட்டிலடியில் இருந்து அதைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டிவிடுகிறார்.

2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்கான நிறுத்திவைத்தல் வரி 10 சதவீதமாகியிருக்கிறது. ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட தனியாட்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நம்பிக்கைப் பொறுப்பின் பெயரில் உள்ள வைப்பை அவ்வாறு நடத்த இயலுமா என்பதை வரி ஆலோசகர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். வட்டி வீதமும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இனி முதலையும் சிறிது சிறிதாகத் தொட வேண்டிவரும், அதற்கான ஒப்பத்தை ரீச்சரும் நானும் இட்டுவிட்டோம்.

முடியாமல் நிற்பது ஒன்று. ரீச்சருக்கு 71 வயது. எனக்கும் ஐம்பது நெருங்குகிறது, சின்னம்மா எனக்கு இரண்டு வயதே மூத்தவர். இயலாமற்போகும் பொறுப்பாளர் தானாகவே விலகியதாகக் கொள்வதற்கு இரண்டு வைத்தியர்களின் சான்று போதும் என்ற ஏற்பாட்டுக்காகவும், அடுத்தவர் ஒருவரை இப்போதே சேர்ப்பதற்காகவும் சட்டத்தரணி மாவட்ட நீதிமன்றத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கேட்டிருப்பவர் வந்தாறுமூலையில் படிப்பிக்கும் ஓர் இளம் உறவுக்காரி, எஞ்சும் சொத்தில் பங்கில்லாதவள். பெரும்போக அறுவடை முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சின்னம்மாவோடு கடைக்குப் போய்வருகிறாள்.